எந்த மல்லி? ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் போய்ச் சேரும் கதை

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டிலிருந்து போன். "என்னங்க, வரும்போது..." என்று மனைவி ஆரம்பிக்கவும், பக்கத்தில் நின்ற பஸ் ஏர் ஹாரனை அலறவிடவும் சரியாக இருந்தது. சத்தம் அடங்கியபோது "...மல்லி வாங்கிட்டு வந்துடுங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது. "சரி" என்று வைத்துவிட்டேன். எதிரிலேயே பூக்கார அம்மா. வெள்ளிக்கிழமை வேறு. இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு, நல்ல பெயர் எடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில் வீடு போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் முறம் நிறைய வத்தல் காய்ந்து தயாராக இருந்தது. மறுநாள் காலை குழம்புப் பொடி அரைக்க மில்லுக்குப் போக வேண்டும். அவள் கேட்டது அரைக் கிலோ மல்லி. விதை.

"இதை வச்சுக் குழம்பு வைக்கவா?" என்றாள். பூவைத் தலையில் வைத்துக்கொண்டேதான் கேட்டாள், அது வேறு விஷயம்.

யார் மேல் தப்பு? அவள் விருதுநகர்ப் பக்கம். வத்தலும் மல்லியும் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் ஊரில் வளர்ந்தவள். மல்லி என்றால் அவளுக்கு மசாலாச் சாமான். நான் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் விதைக்குத் தனியா என்று பெயர், தழைக்குக் கொத்தமல்லி. வெறுமனே மல்லி என்றால் எனக்குப் பூதான். அவள் சொன்னதில் பிழை இல்லை, நான் வாங்கியதிலும் பிழை இல்லை. நடுவில் எங்கோ விஷயம் மாறிப்போனது. தகவல் தொடர்பு என்ற பாடத்தில் சொல்லித்தருவது இந்த ‘நடுவில் எங்கோ’ பற்றித்தான். எனவே மல்லியை வைத்தே பார்த்துவிடலாம்.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டபோதே இதன் பாதி நமக்கு வந்துவிட்டது. இடது பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர், பிறகு பொருள், அப்புறம் ஐயா. கடிதத்துக்கு இரண்டு முனை உண்டு என்பதை அந்த வடிவமே சொல்லிவிடும். அது சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. கடிதம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அப்படியே போய்ச் சேர்கிறது. கடிதத்தின் அர்த்தம் அப்படிப் போவதில்லை. போவது தாளும் மையும். போனில் என்றால் காற்றில் அதிர்வும் கம்பியில் மின்சாரமும். அர்த்தத்தைப் பெறுநர் தன் வீட்டில் இருக்கும் சாமானை வைத்துத் தானே செய்துகொள்கிறார். என் வீட்டுச் சாமான் தஞ்சாவூர்ச் சாமான், அதனால் பூ வந்தது.

ஒரு பொறியாளர் போட்ட படம்

இந்தப் பாடத்தின் எல்லா முன்னுரைகளிலும் வருகிற பெட்டி, அம்புக்குறிப் படம் ஒன்று உண்டு. அதைப் போட்டவர் க்ளாட் ஷானன். அமெரிக்காவில் பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1948இல், தமது 32ஆம் வயதில், அந்த நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் இரண்டு பகுதிகளாக ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். அதில்தான் அந்தப் படம் இருக்கிறது. தகவல் பிறக்கும் இடம் ஒன்று. அதைச் சைகையாக (சிக்னலாக) மாற்றும் கருவி. சைகை ஓடும் வழி. மறுமுனையில் சைகையைத் திரும்பத் தகவலாக்கும் கருவி. கடைசியில் சேருமிடம். வழியின் நடுவே, கேட்காமலே உள்ளே நுழையும் இன்னொரு பெட்டி: இரைச்சல்.

என் கதையில் பொருத்திப் பாருங்கள். மனைவியின் நினைப்பு பிறப்பிடம். அவள் அதைச் சொல்லாக்கினாள், அவள் போன் அந்தச் சொல்லைச் சைகையாக்கியது. நடுவில் அலைவரிசை. என் போன் அதைத் திரும்பக் குரலாக்கியது. என் மண்டை சேருமிடம். ஏர் ஹாரன் இரைச்சல்.

ஷானன் கட்டுரையின் ஆரம்பத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: செய்தியின் அர்த்தம் பொறியாளரின் கவலை அல்ல. ‘மல்லி’ என்ற ஒலி ‘மல்லி’யாகவே மறுமுனைக்கு வந்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. அது பூவா விதையா என்பது உங்கள் பாடு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அர்த்தத்தை ஒதுக்கி வைத்ததால்தான் அவரால் தகவலை எடைபோட்டு அளக்க முடிந்தது; ‘பிட்’ என்ற அளவு அந்தக் கட்டுரை வழியாகத்தான் உலகத்துக்கு வந்தது. தப்பு அவர் பெயரில் இல்லை. தொலைபேசிக் கம்பிக்குப் போட்ட படத்தை எடுத்து, ‘மனிதர்கள் பேசிக்கொள்வது இப்படித்தான்’ என்று பிற்பாடு பாடம் நடத்தியதில்தான் கோளாறு. மறு வருடமே அந்தக் கட்டுரை புத்தகமானபோது கூட எழுதிய வாரன் வீவர், கேள்விகள் மூன்று என்று பிரித்துக் காட்டினார். சைகை பிசகாமல் வந்ததா? நினைத்த அர்த்தம் வந்ததா? அந்த அர்த்தம் நினைத்த காரியத்தைச் செய்யவைத்ததா? எனக்கு முதலாவதில் பாதி போச்சு, இரண்டாவதில் முழுசும் போச்சு.

முழமா, கட்டா, கிலோவா

ஹாரன் விழுங்கியது எதை என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ‘அரைக் கிலோ’ என்ற இரண்டு சொல். அது மட்டும் காதில் விழுந்திருந்தால் பூக்காரம்மா பக்கம் திரும்பியிருக்கவே மாட்டேன். மல்லிப்பூ முழத்தில் வரும், தழை கட்டில் வரும், விதை கிலோவில் வரும். எவ்வளவு என்பதற்காகச் சொன்ன அளவு, எது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இதற்குப் பெயர் மிகைமை. ஒரே விஷயத்தைச் செய்தியில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வைப்பது. கேட்டால் வீண் போலத் தோன்றும். ஆனால் இரைச்சலோடு மல்லுக்கட்ட மொழிகள் வைத்திருக்கும் முதல் ஆயுதம் இதுதான். தமிழ் இதில் கெட்டிக்கார மொழி. ‘நான் நேத்து வந்தேன்’ என்பதைப் பாருங்கள். யார் என்பது ‘நா’னிலும் இருக்கிறது, ‘ஏ’னிலும் இருக்கிறது. இறந்த காலம் ‘நேத்து’விலும் இருக்கிறது, ‘ந்த்’திலும் இருக்கிறது. முன்பாதியை ஹாரன் தின்றாலும் ‘வந்தேன்’ என்ற ஒற்றைச் சொல் மீதியைக் காப்பாற்றிவிடும். ‘அவங்க வந்தாங்க’ என்பதில் பன்மை இரண்டு தடவை. இலக்கண வகுப்பில் திணை, பால், எண், இடம் என்று மனப்பாடம் செய்தபோது இது எதற்கென்று யாரும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குத்தான்.

ஆங்கிலத்தில் மிகைமை எவ்வளவு என்று ஷானன் கணக்குப் போட்டார். எட்டு எழுத்து தூரம் வரைக்குமான தொடர்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே சுமார் 50 சதவீதம் வந்தது. எழுதுவதில் பாதியை நாம் தேர்ந்தெடுக்கிறோம், மீதியை மொழியின் அமைப்பே தீர்மானித்துவிடுகிறது என்பது அதன் பொருள்.

பேங்கிலிருந்து போன் வந்து பான் எண் சொல்லச் சொன்னால் என்ன செய்கிறோம்? ‘பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி’ என்கிறோம். பி, டி, ஈ, வி எல்லாம் போனில் ஒரே மாதிரி கேட்கும். ஓர் எழுத்துக்கு ஒரு முழு ஊரையே துணைக்கு அனுப்பினால் வழியில் பாதி தொலைந்தாலும் மீதி போய்ச் சேரும். (பேங்க் என்று சொல்லி யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். அங்கே பிரச்சினை இரைச்சல் இல்லை, அனுப்புநரே பொய்.)

மிகைமையை உருவி எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ஒரு பழைய உதாரணம் உண்டு: தந்தி. சொல்லுக்குக் காசு என்பதால் ஒவ்வொரு சொல்லையும் எண்ணித்தான் எழுதினார்கள். ‘ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி’. அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரி, என்ன உடம்புக்கு, உயிர் இருக்கிறதா, ஒன்றும் இராது. பல வீடுகளில் இறந்த செய்திக்கே ‘சீரியஸ்’ என்றுதான் தந்தி கொடுப்பார்கள் என்பதால், வாங்கியவர் அதைப் படித்த உடனேயே அழுதுவிடுவார். சுருங்கிய செய்தியை விரித்துப் புரிந்துகொள்ள இரண்டு பக்கமும் ஒரே வழக்கம் தெரிந்திருந்தது. வாழ்த்துத் தந்தியில் இது இன்னும் அப்பட்டம்: வாழ்த்து வாக்கியங்களுக்கு எண் போட்டு வைத்திருந்தார்கள். எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்தால் மறுமுனையில் முழு வாழ்த்தும் எழுதிக் கொடுக்கப்படும். கம்பியில் போனது எண்; வாழ்த்து ஏற்கனவே இரண்டு ஊர்த் தபாலாபீஸிலும் இருந்தது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. நாம் பேசும் எல்லாச் சொல்லுமே ஏறக்குறைய அந்த எண்களைப் போலத்தான் வேலை செய்கின்றன. ‘மல்லி’ ஓர் எண். அதற்குரிய வாக்கியம் இரண்டு வீட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு வட்டம்

வில்பர் ஷ்ராம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1954இல் இதற்கும் ஒரு படம் போட்டார். சொல்பவரைச் சுற்றி ஒரு வட்டம், கேட்பவரைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் என்பது அவரவர் அனுபவம். இரண்டு வட்டமும் எந்த அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதோ, அந்தப் பகுதிக்குள் இருந்து பேசினால் புரியும். வெளியே போனால் சிக்கல்.

ஒரே மொழிக்குள்ளேயே வட்டங்கள் விலகி நிற்கும். ‘அம்மா என்னைப் பேசினா’ என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சொன்னால் அம்மா திட்டினார் என்று அர்த்தம். மதுரைக்காரர் அதைக் கேட்டு ‘பேசினா என்ன, நல்லதுதானே’ என்பார். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பதற்கு அங்கே ‘கதைக்கிறது’ என்பார்கள். இங்கே ‘கதை விடாதே’ என்றால் பொய் சொல்லாதே. ஒலி பழுதில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. ஷானன் கணக்கில் முழு வெற்றி.

இதில் மோசமான பகுதி, நம் வட்டத்துக்குள் இருந்துகொண்டு எதிராளியின் வட்டம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நமக்குத் தெரியாமல் போவது. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990இல் தமது முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை மனதுக்குள் பாடிக்கொண்டு, மேஜையில் விரலால் தாளம் மட்டும் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. வீட்டில் செய்து பாருங்கள், சண்டை வரும். தட்டுகிறவருக்கு மண்டைக்குள் வயலின், தபேலா எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ‘இதுகூடத் தெரியலையா’ என்று கோபம் வரும். எதிரே இருப்பவருக்கு டக், டக், டக். புது ஊழியருக்கு வேலை விளக்கும் மேனேஜரும், கணக்கு வாத்தியாரும், மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும் மருந்துக்கடைக்காரரும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நானும் இந்தக் கட்டுரையில் எங்கேயாவது தட்டிக்கொண்டு இருப்பேன்.

கேட்பவர் யார் என்பதைக் கணக்கில் எடுக்காமல் தமிழில் சில வாக்கியங்களைச் சொல்லவே முடியாது என்பது எனக்குப் பிடித்த விஷயம். ‘நாம போறோம்’ என்றால் நீயும் உண்டு. ‘நாங்க போறோம்’ என்றால் நீ இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் அங்கே ‘நானும் வரணுமா?’ என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். இங்கே வாயைத் திறக்கும் முன்பே பெறுநரை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்று அனுப்புநர் முடிவு செய்தாக வேண்டும்.

சொல்லுக்கு வெளியே இருக்கிற தகவலையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ‘சாப்டீங்களா?’ என்பது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி அல்ல. உங்களைப் பார்த்தேன், நமக்குள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற அறிவிப்பு. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923லேயே இந்த வகைப் பேச்சுக்குத் தனிப் பெயர் கொடுத்தார். ‘பார்க்கலாம்’ என்றால் பெரும்பாலும் முடியாது. விருந்தாளி ‘காபி வேண்டாம்’ என்று முதல் தடவை சொல்வது கணக்கில் வராது. குரலும் முகமும் இதையெல்லாம் பிரித்துக் காட்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: ‘பேச்சில் 7 சதவீதம்தான் சொல், 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்’ என்று ஆளுமை வளர்ச்சி வகுப்புகளில் சொல்வார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுத்தது அது. அவர் பார்த்தது, சொல் ஒன்று சொல்லி, குரலும் முகமும் வேறொன்று சொல்லும்போது, எதிராளிக்கு நம்மைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை எதை வைத்து நம்புகிறோம் என்பதை மட்டும். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்துமானால் சீன மொழிச் செய்தியைச் சத்தத்தோடு பார்த்தாலே நமக்கு 93 சதவீதம் புரிய வேண்டும்.

திரும்பி வரும் அம்பு

என் தப்பு எங்கே என்று கேட்டால் நான் ஹாரனைச் சொல்ல மாட்டேன். ‘சரி’ என்று சொன்னேனே, அதுதான். கேட்டது பாதி, புரிந்ததாக நினைத்தது முழுசு, அவளுக்குத் திரும்பப் போனது ஒரு ‘சரி’. அந்தச் சரியை வைத்து நான் என்ன புரிந்துகொண்டேன் என்று அவளால் கண்டுபிடிக்க வழியே இல்லை. பூவுக்கும் அதே சரி, விதைக்கும் அதே சரி. போனில் சொல்லும் ‘ம்’ இன்னும் மோசம். அது ‘லைனில் இருக்கிறேன்’ என்று மட்டும்தான் சொல்லும். வாட்சப்பின் இரண்டு நீலக் கோடும் அதே ஜாதிதான். பெறுநரிடமிருந்து அனுப்புநருக்குத் திரும்பி வருவதைப் பின்னூட்டம் என்கிறோம். ஷானன் படத்தில் அதற்கு அம்பு கிடையாது. என் அபிப்பிராயத்தில் மனிதர் பேச்சுக்கு அந்த அம்புதான் முக்கியம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்று டெனெரிஃப். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் டெனெரிஃபின் லோஸ் ரோடியோஸ் என்ற சின்ன விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. கடும் பனிமூட்டம். ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ விமானம் கிளம்பத் தயார். அதே ஓடுபாதையில் பான் அம் ஜம்போ இன்னும் ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்கு இரண்டுமே தெரியாது. எல்லாம் ரேடியோதான்.

கிளம்பிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்பதைக் கோபுரம் கே.எல்.எம்.முக்குச் சொன்னது. அது கிளம்ப அனுமதி அல்ல. ஆனால் அந்தச் செய்திக்குள் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திரும்பச் சொல்லிவிட்டு, ‘வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்று முடித்தார். விமானத்துக்குள் அதன் அர்த்தம், இதோ கிளம்பிக்கொண்டிருக்கிறோம். கோபுரத்தில் அதன் அர்த்தம், கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறோம். கோபுரம் சொன்ன பதில்: ‘ஓகே.’ சற்று இடைவெளி. பிறகு, ‘டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்.’ அந்த இரண்டாம் பகுதி ஒலித்த அதே நேரத்தில் பான் அம் விமானியும் பதறி, ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்றார். ஒரே அலைவரிசையில் இரண்டு குரல் மோதியதில் கே.எல்.எம். அறைக்குள் சில விநாடிகள் கிறீச்சென்ற சத்தமே கேட்டது. தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டும். 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் ஒரு விபத்தில் இத்தனை பேர் அதற்கு முன்னும் இறந்ததில்லை, பின்னும் இல்லை.

அனுபவம் மிக்க ஆட்கள், ரேடியோவும் பழுதில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம், சரியான இடத்தில் வந்து விழுந்த இரைச்சல், ஒன்றும் சொல்லாத ஒரு ‘ஓகே’. திரும்பச் சொல்லும் வழக்கம் அப்போதே இருந்தது. துணை விமானி திரும்பச் சொல்லத்தான் செய்தார். ஆனால் அந்த வாலை யாரும் பிடித்து ‘அப்படியென்றால் என்ன?’ என்று கேட்கவில்லை. அதன் பிறகு விதிகளை மாற்றினார்கள். கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறு எதற்கும் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை ரேடியோவில் பயன்படுத்தக் கூடாது. மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’. உத்தரவின் முக்கியப் பகுதிகளை ‘ஓகே’, ‘ரோஜர்’ என்று முடிக்காமல் அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

நம் ஊர் ஹோட்டல் சர்வர்கள் இந்த விதியை யார் சொல்லியும் கற்றுக்கொள்ளவில்லை. நாலு பேர் மாற்றி மாற்றிச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ‘ஒரு பொங்கல், ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம் வெங்காயம் இல்லாம, காபி மூணு, ஒண்ணு சர்க்கரை இல்லாம’ என்று ஒப்பித்துவிட்டு, நம் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில்தான் விஷயம் இருக்கிறது. யாராவது ‘காபி ரெண்டுதான்பா’ என்று திருத்த அது இடம் கொடுக்கிறது.

மறுநாள் காலை மளிகைக் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, மல்லி" என்றேன். அவர் நிமிர்ந்தார். "தூளா, முழுசா?"

"முழுசு. மில்லுல குடுத்து அரைக்க. அரைக் கிலோ."

அவர் உள்ளே திரும்பி, "முழு மல்லி அரை!" என்று குரல் கொடுத்தார். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பையன், "முழு மல்லி அரைக் கிலோ!" என்று திருப்பிக் கத்தினான். தராசில் மல்லி சரசரவென்று விழுந்தது. அண்ணாச்சி முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மல்லி அரைக் கிலோ. வேற?"